ஒரு மாலைப்பொழுதின் விலை: மதுவுக்கு மாற்றான பானங்களும் மிச்சமாகும் பணமும்

மதுவைக் குறைத்தால் பணம் மிச்சமாகும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் குடிக்காத மாலையில் அதற்குப் பதிலாக எதைக் குடிப்பது, அதற்கு என்ன ஆகும், அந்தச் செலவே மிச்சத்தை விழுங்கிவிடாதா என்று கேட்கத் தொடங்கியதும் விடைகள் பல திசைகளில் பிரிகின்றன. கேள்வி புதிதன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக மதுவிலக்கு இயக்கத்தார், சமயத் தொண்டர்கள், பான வியாபாரிகள், பொருளியலாளர்கள், அரசுகள் எனப் பலரும் இதற்கு விடை சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் தண்ணீர் போதும் என்றார்; இன்னொருவர் மலிவான காப்பிக் கடை வேண்டும் என்றார்; வேறொருவர் மதுவைப் போலவே சுவைக்கும் பானத்தைத் தயாரித்து விற்றார்; அரசுகள் விலையிலும் வரியிலும் கை வைத்தன. இவர்களுடைய விடைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போனதற்கு, ஒவ்வொருவரும் விலையை அளந்த கோல் வேறாக இருந்ததே முக்கியக் காரணம் என்று தோன்றுகிறது. சிலர் லிட்டருக்கு அளந்தார்கள், சிலர் கோப்பைக்கு, சிலர் உடலுக்குள் போகும் சாராய கிராமுக்கு. குடிப்பவரோ இவற்றில் எதையும் வாங்குவதில்லை. இரண்டு மூன்று மணி நேரத்தை, அதைக் கழிக்க ஓர் இடத்தை, உடன் இருக்க நாலு பேரை வாங்குகிறார். மாலைக்கு எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போட்டால் பழைய விடைகளின் பலமும் பலவீனமும் ஓரளவு துலங்கும்.

தொடங்குமுன் ஓர் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். இங்கே பேசப்படுவது, தானாகக் குறைத்துக்கொள்ளும் நிலையில் இருப்பவர்களைப் பற்றி. காலையில் கை நடுங்குகிறவர், குடிக்காவிட்டால் தூக்கமும் நிதானமும் இழக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்கு முதலில் வேண்டியவர் மருத்துவர்; பானங்களின் விலைப்பட்டியல் பிறகு.

பார்லியும் குடிநீர்க் குழாயும்

பணத்தை மையமாக வைத்து மதுவை எதிர்த்த முதல் பெரிய குரல்களில் ஒன்று இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரத்துப் பாலாடைக்கட்டி வியாபாரி ஜோசப் லிவ்சியுடையது. 1832 செப்டம்பர் 1 அன்று அவரும் உடனிருந்த ஆறு பேரும் எவ்வகை மதுவையும் தொடுவதில்லை என்று கையெழுத்திட்டார்கள். பின்னர் ஊர் ஊராகச் சென்று அவர் நிகழ்த்திய 'மால்ட் சொற்பொழிவு' பாவ புண்ணியத்தைவிடக் கணக்கையே அதிகம் பேசியது. பியர் ஒரு திரவ ரொட்டி, உழைப்பாளிக்குப் பலம் தருவது என்று அன்று பரவலாக நம்பப்பட்டது. லிவ்சி பார்லியைக் கொண்டுவந்து காட்டி, அதிலுள்ள சத்தில் பெரும்பகுதி பியராவதற்குள் எங்கெங்கே தொலைகிறது என்று படிப்படியாக விளக்குவார். பியரிலிருந்து சாராயத்தைப் பிரித்தெடுத்து மக்கள் கண்முன்னே கொளுத்தியும் காட்டுவார். கொடுத்த காசுக்கு வயிற்றில் சேர்ந்தது எவ்வளவு என்பதே அவருடைய அளவுகோல். அந்த அளவுகோலில் தண்ணீரும் ரொட்டியும் எப்போதும் வெல்லும்.

ஆனால் தண்ணீர் எங்கே கிடைத்தது? நகரத்துக் கிணறுகளும் ஆறுகளும் காலராவைப் பரப்பிய காலம் அது. பியரைவிடத் தண்ணீருக்கு அஞ்சுவதற்கு ஏழைகளிடம் நியாயமான காரணம் இருந்தது. 1859இல் லண்டனில் சாமுவேல் கர்னி முதலானோர் தொடங்கிய குடிநீர்க் குழாய்ச் சங்கம் இந்த இடைவெளியை நேரடியாக நிரப்ப முயன்றது. இலவசமாகத் தூய நீர் தரும் குழாய்களைத் தெருவில் நட்டார்கள். பல குழாய்கள் மதுக்கடைகளுக்கு எதிரிலேயே அமைந்தன. மாற்றுப் பானத்தின் விலையைச் சுழியமாக்கிய முதல் பெருமுயற்சிகளில் ஒன்று என்று இதைச் சொல்லலாம். தாகத்துக்காகக் குடித்தவர்களுக்கு அது விடையாக இருந்திருக்கும். உட்கார்ந்து பேசுவதற்காகக் குடித்தவருக்குத் தெருக்குழாயடி எப்படி விடையாகும்? மலிவு மட்டும் போதாது என்ற பாடம் அங்கேயே தொடங்குகிறது.

இடத்தையும் சேர்த்து விற்றவர்கள்

அடுத்த தலைமுறை இந்தக் குறையைப் புரிந்துகொண்டது. 1860களின் இறுதியிலிருந்து லீட்ஸ், லிவர்பூல் முதலிய தொழில் நகரங்களில் மதுவில்லாத மதுக்கடைகள் எழுந்தன. வெளித்தோற்றத்தில் அவை வழக்கமான கடைகளைப் போலவே இருக்கும்: கண்ணாடிச் சன்னல், வெளிச்சம், கணப்பு, நாளிதழ், சில இடங்களில் பில்லியர்ட்ஸ் மேசை. விற்றவை காப்பி, கோக்கோ, தேநீர். அதே பத்தாண்டில் தேயிலைக்கான இறக்குமதி வரி குறைந்ததும், கேட்பரி, ஃப்ரை, ரவுண்ட்ரீ என்ற குவேக்கர் கிறித்தவப் பிரிவுக் குடும்பங்கள் கோக்கோவைப் பெருமளவில் தயாரித்ததும் விலையைக் கீழே கொண்டுவந்தன. துறைமுகத் தொழிலாளி குறைந்த காசில் சூடாக ஒன்றைக் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். இருநூறு ஆண்டு வரலாற்றில் மாலைப்பொழுதையே அளவுகோலாகக் கொண்ட முதல் பெருமுயற்சிகளில் ஒன்று இது என்பதால் சற்று நின்று பார்க்கத் தகுந்தது.

அந்தக் கடைகளில் பெரும்பாலானவை நூற்றாண்டு முடிவதற்குள் மூடப்பட்டன. நன்கொடையை நம்பித் தொடங்கியதால் கணக்கைக் கவனிக்க ஆளில்லை. காப்பி பல இடங்களில் மட்டமாக இருந்தது. சுவரெங்கும் ஒட்டியிருந்த அறிவுரைகள் வந்தவரைச் சீர்திருத்தப்பட வேண்டியவராகவே நடத்தின. வியாபார ஒழுங்கோடு நடத்தப்பட்ட லிவர்பூல் காப்பிக் கடை நிறுவனம் போன்றவை லாபம் ஈட்டியதையும் பார்க்கும்போது, கொள்கையைவிட நிர்வாகமே தோற்றது என்று சொல்ல இடமிருக்கிறது. 1899இல் ஜோசப் ரவுண்ட்ரீயும் ஆர்தர் ஷெர்வெல்லும் எழுதிய 'மதுவிலக்குச் சிக்கலும் சமூகச் சீர்திருத்தமும்' என்ற நூல் இதிலிருந்து ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தது. மது விற்பனையில் வரும் லாபத்தைத் தனியார் கையில் விடாமல், அதைக் கொண்டே மதுவுக்குப் போட்டியான பொழுதுபோக்கு இடங்களை நடத்த வேண்டும் என்றார்கள். ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் 1865 முதல் இருந்த முறையிலிருந்து பிறந்த யோசனை அது. மாற்று மாலையின் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியை இவ்வளவு தெளிவாக முன்வைத்தவர்கள் அவர்களுக்கு முன் அதிகமில்லை.

போலச்செய்த பானங்கள்

இன்னொரு மரபு, மதுவின் சாயலையே விற்றது. 1869இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பல் மருத்துவர் தாமஸ் வெல்ச் திராட்சைச் சாற்றைக் கொதிநீரில் பதப்படுத்தி, தேவாலயச் சடங்குக்காகப் புளிக்காத திராட்சை ரசத்தை உருவாக்கினார். 1876இல் பிலடெல்பியா பொருட்காட்சியில் சார்லஸ் ஹயர்ஸ் அறிமுகப்படுத்திய வேர்ப் பானத்துக்கு 'ரூட் பியர்' என்று பெயரிட்டது உழைப்பாளிகளை ஈர்க்கத்தான். மான்செஸ்டரில் 1908இல் ஜான் நோயல் நிக்கல்ஸ் உருவாக்கிய விம்டோவும் மதுவிலக்குக் கடைகளின் சூழலில் வளர்ந்ததே. இவை பெயரையும் நிறத்தையும் கடன் வாங்கினவே தவிர, விலையைக் கடன் வாங்கவில்லை.

அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் (1920–1933) நிலைமை மாறியது. வோல்ஸ்டெட் சட்டம் 0.5 விழுக்காட்டுக்குக் குறைவான சாராயமுள்ள பானத்தை அனுமதித்ததால், பியர் ஆலைகள் முழு பியரையே காய்ச்சி அதிலிருந்து சாராயத்தை நீக்கி விற்றன. மக்கள் அதில் களவுச் சாராயத்தைச் சேர்த்துக் குடித்தார்கள் என்பது தனிக் கதை. இன்றைய மதுவற்ற பியருக்கும் அடிப்படை அதே. பியரைத் தயாரித்தபின் வெற்றிடத்தில் குறைந்த வெப்பத்தில் காய்ச்சியோ, நுண்சவ்வின் வழியே வடித்தோ சாராயத்தைப் பிரிக்கிறார்கள். அல்லது மால்ட் சர்க்கரையை உண்ணாத ஈஸ்ட்டைக் கொண்டு நொதித்தலை மட்டுப்படுத்துகிறார்கள். சாராயம் பானத்தைக் கெடாமல் காக்கும் பொருளும்கூட. அது இல்லாததால் பாஸ்டர் முறையில் சூடேற்றிப் பதப்படுத்துவதில் கூடுதல் கவனம் தேவை. ஆக, பியருக்கான செலவு முழுவதும் ஆனபின் அதற்கு மேலும் ஒரு செலவு. விற்பனை அளவோ சிறியது. பிரிட்டன் போன்ற நாடுகளில் 1.2 விழுக்காட்டுக்கு மேற்படாத பானத்துக்கு மது வரி கிடையாது. இருந்தும் கடையில் அதன் விலை பியருக்கு அருகிலேயே நிற்கிறது. தயாரிப்புச் செலவு இதற்கு ஓரளவு காரணம். பியரின் விலையை மனத்தில் வைத்தே வாங்குபவர் அதை மதிப்பிடுகிறார் என்பதும், விற்பவருக்கு அது தெரியும் என்பதும் மீதிக் காரணமாக இருக்க வேண்டும்.

இந்தப் போலிப் பானங்கள் குடியைக் குறைக்கின்றனவா? ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட சோதனை கவனிக்கத்தக்கது. வாரத்தில் குறைந்தது நான்கு நாள் கணிசமாகக் குடிக்கும், ஆனால் குடிநோய் இல்லாத 123 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் 12 வாரங்கள் மதுவற்ற பானங்களைக் கொடுத்தார்கள். முடிவில் அந்தக் குழுவினரின் சாராய அளவு நாளொன்றுக்குச் சராசரியாக 11.5 கிராம் குறைந்திருந்தது. மற்றக் குழுவில் 2.7 கிராம். கொடுப்பதை நிறுத்திய பிறகும் எட்டு வாரங்கள் வரை வேறுபாடு தென்பட்டது. மாற்றுப் பானத்தின் ஆதரவாளர்கள் இதை வலுவான சான்றாகக் காட்டுகிறார்கள்; காட்டலாம். ஆனால் அந்தப் பானங்கள் இலவசமாக வழங்கப்பட்டவை என்பதை மறந்துவிடக் கூடாது. கையிலிருந்து காசு கொடுத்து வாங்கும்போதும் இதே விளைவு இருக்குமா என்பதை அந்தச் சோதனை கேட்கவில்லை, கேட்கும்படி அமைக்கப்படவுமில்லை. பிரிட்டனில் குடும்பங்களின் கொள்முதல் பதிவுகளை ஆராய்ந்தவர்களும் மதுவற்ற பியர் வாங்கும் வீடுகளில் மது வாங்குவது ஓரளவு குறைவதைக் கண்டார்கள். அங்கும் அதை அதிகம் வாங்கியவை வசதியுள்ள வீடுகள். குடியால் மிகுந்த கேடு விளைவது வசதியற்ற வீடுகளில். விலை என்ற வாசலில் யார் நின்றுவிடுகிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

விலையில் கைவைத்த சட்டங்கள்

பொருளியலாளர்களின் பெரும்பாலான கவனம் மதுவின் விலைமீதே இருந்திருக்கிறது. 2009இல் வாகனார் முதலானோர் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மதுவின் விலை 10 விழுக்காடு ஏறினால் நுகர்வு சராசரியாக 5 விழுக்காடு அளவில் குறைவதாகத் தெரிந்தது. ஸ்காட்லாந்து 2018 மே 1 முதல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலையை நிர்ணயித்தது. அந்நாட்டுப் பொதுச் சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு மதிப்பீடு, மதுவால் மட்டுமே நேரும் இறப்புகள் அதனால் 13.4 விழுக்காடு குறைந்ததாகக் கணித்தது. அதே மதிப்பீட்டில், குடிக்கு அடிமையான ஏழைகள் சிலர் மதுவுக்காகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள் என்ற செய்தியும் இருக்கிறது. மதுவின் விலையை ஏற்றுவது மட்டுமே பணத்தை வீட்டில் நிறுத்திவிடாது.

மாற்றுப் பானத்தின் விலையைத் தொட்ட சட்டங்கள் குறைவு. ஜெர்மனியின் உணவகச் சட்டம் 2002 முதல் ஒரு நிபந்தனை விதிக்கிறது: மது பரிமாறும் எந்த உணவகத்திலும் குறைந்தது ஒரு மதுவற்ற பானமாவது மிக மலிவான மதுவைவிட விலை கூடுதலாக இருக்கக் கூடாது. ஒப்பீட்டை லிட்டருக்கும் கணக்கிட வேண்டும். மக்கள் அதை 'ஆப்பிள் சாற்றுப் பிரிவு' என்றே அழைக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பல மாநிலங்களில் இதைவிடக் கண்டிப்பான விதிகள் உண்டு. இங்கிலாந்தில் 2010 முதல் மதுக்கடைகள் கேட்பவருக்குக் குடிநீரை இலவசமாகத் தர வேண்டும். இவை நல்ல விதிகள். மேசையில் உட்காரும் உரிமையை மதுவிலிருந்து பிரிக்கின்றன என்பதே இவற்றின் உண்மையான பெறுமதி. ஆனாலும் லிட்டர் என்ற அளவுகோலில் ஒரு குறை இருக்கிறது. இனிப்புப் பானம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். கசப்பும் காரமும் உள்ள பானத்தை மெதுவாகத்தான் குடிக்க முடியும். அரை மணிக்கு ஒன்று வாங்குகிறவருக்கு லிட்டர் விலை குறைவாக இருந்தும் மாலையின் செலவு கூடிவிடலாம்.

பானங்களின் விலைகள் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்பதும் நினைப்பதைவிடச் சிக்கலானது. பிரிட்டனின் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் கொள்முதலைக் கொண்டு குயிர்ம்பாக் முதலானோர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை மிகுந்த பானங்களின் விலை ஏறும்போது லாகர் பியர் வாங்குவது கூடியது. நடுத்தரச் சர்க்கரையுள்ளவற்றின் விலை ஏறும்போது மது வாங்குவது குறைந்தது. முதல் வகை மதுவுக்கு மாற்றாகவும், இரண்டாம் வகை அதன் துணையாகவும் இயங்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். குளிர்பானம் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு எதிரெதிர் வேலைகள் நடக்கின்றன.

தமிழ்நாட்டுக் கணக்கு

இந்த இரட்டை வேலை தமிழ்நாட்டில் நன்றாகவே தெரியும். இங்கே சோடாவும் கோலாவும் குவாட்டருக்கு மிக்ஸிங்காகவே மதுக்கூட மேசைக்கு வருகின்றன. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோதும், 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தபோதும் விவாதம் மாற்றுப் பானத்தைவிடத் தடையைச் சுற்றியே பெரும்பாலும் நடந்தது. இழந்த ஆயத்தீர்வையை ஈடுசெய்ய 1939இல் கொண்டுவரப்பட்ட விற்பனை வரி நிலைத்துவிட்டது. தடை நிலைக்கவில்லை: 1971இல் தளர்ந்தது, மீண்டும் வந்தது, மறுபடி விலகியது, 1983இல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் பிறந்தது, 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023–24இல் மதுவால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019–21) தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் நான்கில் ஒருவர் குடிப்பதாகச் சொல்கிறது. பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. குடிப்பவர் ஆண், அதன் செலவைத் தாங்குவது வீடு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விலைகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் இவை வாதத்துக்கான அனுமானங்களே. 180 மில்லி குவாட்டரில் 42.8 விழுக்காடு சாராயம் என்றால் உள்ளே போவது ஏறத்தாழ 61 கிராம். குவாட்டர் 140 ரூபாய் என்றும், ஒருவர் வாரம் நான்கு நாள் குடிக்கிறார் என்றும் கொண்டால் வாரத்துக்கு 560 ரூபாய், ஆண்டுக்கு 29,000 ரூபாய்க்கு மேல். சைட் டிஷ், தண்ணீர், மதுக்கூடச் செலவு தனி. அவர் ஒரு நாளாகக் குறைத்துக்கொண்டால் வாரம் 420 ரூபாய் கையில் நிற்கும். மற்ற மூன்று மாலைகளிலும் தலா இரண்டு மதுவற்ற பியரை, ஒன்று 100 ரூபாய் என்று வாங்கினால் 600 ரூபாய். குறைத்ததால் செலவு கூடியிருக்கும். அதே மூன்று மாலைகளில் நாளுக்கு இரண்டு டீ, ஒன்று 15 ரூபாய் என்றால் 90 ரூபாய். ஆண்டு மிச்சம் 17,000 ரூபாயைத் தாண்டும். மது மலிவாகவும் அதன் போலி விலையுயர்ந்ததாகவும் இருக்கும் ஊரில் மதுவற்ற பியர் என்ற ஐரோப்பிய விடை செல்லுபடியாகாது என்பதை இந்தச் சிறு கணக்கே காட்டுகிறது.

வரியமைப்பும் கவனிக்கத்தக்கது. குடிக்கும் மது ஜிஎஸ்டிக்கு வெளியே, மாநில வரிக்குள் இருக்கிறது. இனிப்போ மணமோ சேர்த்த கார்பனேற்றப் பானங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு. முன்பும் மேல்வரி சேர்த்து அதே அளவுதான். இனிப்பும் மணமும் சேர்க்காத வெறும் சோடாவுக்கு 18இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. தென்னையிலிருந்து இறக்கிய இளநீருக்கு வரியே இல்லை. ஆகவே வெறும் சோடாவை வாங்கி வீட்டில் எலுமிச்சையும் உப்பும் இஞ்சிச் சாறும் சேர்த்துக்கொள்பவர் செலுத்தும் வரிக்கும், அதே சுவையைப் புட்டியில் அடைத்து வாங்குபவர் செலுத்தும் வரிக்கும் விகிதத்தில் எட்டு மடங்கு வேறுபாடு. உடல்நலத்தை நோக்கியே சர்க்கரைப் பானத்துக்குக் கூடுதல் வரி என்றால் அது புரிந்துகொள்ளக்கூடியதே. மதுவைக் குறைப்பவருக்குச் சாதகமான வேலையை அது தற்செயலாகச் செய்கிறது. சோடாவும் காரமும் புளிப்பும் சேர்ந்தது மெதுவாகக் குடிக்கும்படி இருப்பதால், மாலைக் கணக்கிலும் அது தேறும்.

ஊர்ப் பானங்கள்மீது வைக்கும் நம்பிக்கை

காந்தியவாதிகளின் விடை பதனீர். பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் அதே பனஞ்சாறு புளிக்காமல் இனிக்கும், தடவாவிட்டால் கள். குடிப்பவருக்கும் மாற்று, மரமேறிக்கும் பிழைப்பு, மிச்சத்தைக் காய்ச்சினால் கருப்பட்டி என்று ஒரே மரத்தில் மூன்றையும் கண்ட அந்தப் பார்வையில் அழகு இருக்கிறது. 1987 முதல் கள்ளுக்குத் தடையுள்ள மாநிலத்தில் பதனீரும், பின்னர் அனுமதி பெற்ற தென்னை நீராவும் அந்த நம்பிக்கையைத் தொடர்கின்றன. நடைமுறையில் பதனீர் பருவத்துக்கு உட்பட்டது, விடிகாலையில் இறங்குவது, வெயில் ஏறினால் கெட்டுப்போவது. மதுவுக்குப் போட்டி தேவைப்படும் மாலை ஏழு மணிக்கு அது கிடைப்பதில்லை. பதப்படுத்திக் குளிரூட்டி அந்த நேரம்வரை கொண்டுவந்தால் மலிவு போய்விடுகிறது. அதிலும் நூற்றுக்குப் பத்துப் பங்கை ஒட்டிச் சர்க்கரை இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நீர்மோர், பானகம், நன்னாரி, சுக்குக் காப்பி, கம்பங்கூழ் ஆகியவற்றின் வலிமை, அவற்றை வீட்டிலேயே சில ரூபாயில் செய்துவிடலாம் என்பதில் இருக்கிறது. இவற்றில் சுக்குக் காப்பிக்கும் மிளகு தட்டிய மோருக்கும் ஒரு தனித் தகுதி உண்டு: தொண்டையில் இறங்கும் காரம். குடியை விடுபவர் முதலில் தேடுவது பெரும்பாலும் அந்த உறைப்பைத்தான். வீட்டில் நொதிக்கவைக்கும் இஞ்சிப் பானமும் கொம்புச்சாவும் இப்போது பரிந்துரைக்கப்படுகின்றன. நாள் கூடினால் அவற்றில் சாராயம் 0.5 விழுக்காட்டைத் தாண்டிவிடக்கூடும். அதற்கு மேற்பட்டதை இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் மதுபானமாகவே கருதுகின்றன. முற்றிலும் விலக வேண்டியவருக்கு இவை உகந்தவை அல்ல.

இந்த மரபுப் பானங்களுக்கெல்லாம் பொதுவான குறை ஒன்றுண்டு. அவை வீட்டுப் பானங்கள். அவற்றைச் செய்வது பெரும்பாலும் பெண்ணின் கை. வெளியே போய்க் குடித்தவர் வீட்டில் சுக்குக் காப்பி கேட்கத் தொடங்கினால் பணம் மிச்சமாகும், ஆனால் அந்த வேலை கணக்கில் எழுதப்படாமல் இன்னொருவர் தலையில் ஏறும். இதை எதிர்கொள்ளும் எளிய வழி அவரே செய்துகொள்வது. எளிது என்பதாலேயே இதைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

இந்த வரலாற்றில் மிகுந்த வெற்றி பெற்ற மாற்று டீக்கடை என்பது என் மதிப்பீடு. யாரும் அதை மதுவிலக்குக்காகத் திட்டமிட்டு நிறுவவில்லை. காப்பியும் தேநீரும் இங்கே பரவியபோது அவற்றையே புதிய போதை என்று கண்டித்த குரல்கள் எழுந்ததை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் எடுத்துக்காட்டுகிறார். இன்று டீக்கடைப் பெஞ்சு, நாளிதழ், பேச்சு எல்லாம் ஒரு டீயின் விலைக்குள் அடங்குகின்றன. 19ஆம் நூற்றாண்டின் காப்பிக் கடைக்காரர்கள் நன்கொடை திரட்டிச் செய்ய முயன்றதை ஒரு மாஸ்டரும் ஒரு பாய்லரும் அறிவுரை ஏதுமின்றிச் செய்கின்றன. குறையும் இல்லாமலில்லை. பெஞ்சு ஆண்களுக்கானது. இரவில் குடிக்கும் டீ சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் வராமல்தான் பலர் குடிக்கத் தொடங்குகிறார்கள்.

எழும் மறுப்புகள்

மாற்றுப் பானம் என்ற எண்ணத்தையே மறுப்பவர்கள் உண்டு. பியரின் புட்டி, நுரை, கசப்பு எல்லாம் குடியின் நினைவைத் தூண்டும் சைகைகள். அவற்றை வைத்துக்கொண்டு குடியை விடச் சொல்வது ஆசையை உயிரோடு வைத்திருப்பது என்கிறார்கள். குடிநோயிலிருந்து மீண்டவர்களைப் பொறுத்தவரை இந்த எச்சரிக்கையை மதிக்க வேண்டும். குடிநோய் இல்லாமல் குடிப்பவர்களிடம் சுகுபா சோதனை நேர்மாறாகக் காட்டுகிறது. இருவரையும் ஒரே விடைக்குள் அடைக்காமலிருப்பதே சரியாகப் படுகிறது.

சர்க்கரையைச் சொல்லி எழும் மறுப்பு இன்னும் வலுவானது. 300 மில்லி கோலாவில் 32 கிராம் அளவுக்குச் சர்க்கரை. உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி 2,000 கலோரி உண்பவர் ஒரு நாளில் 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் நிற்க வேண்டும். மாலைக்கு இரண்டு புட்டி என்று பழகினால் மிச்சமான காசு பிற்பாடு சர்க்கரை மாத்திரைக்குப் போகும். இதற்கான பதில், மாற்றை இனிப்பில் தேட வேண்டியதில்லை என்பதே. புளிப்பும் உப்பும் காரமும் மலிவானவை, மெதுவாகக் குடிக்கவைப்பவை. உப்பையும் கிள்ளிப் போட வேண்டும், ரத்த அழுத்தம் உள்ளவர் அதையும் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு விளம்பரம் பற்றியது. மது நிறுவனங்கள் சோடா, குடிநீர் ஆகியவற்றின் பெயரில் தம் முத்திரையை விளம்பரப்படுத்தி வந்த வழக்கத்தை 2022இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல்கள் தடைசெய்தன. மதுவற்ற பியர் அந்த வாசலை மறுபடி திறக்கக்கூடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை உண்டு. அதற்கு அரசு மானியமோ வரிச் சலுகையோ தருவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. பொதுப்பணம் போக வேண்டிய இடங்கள் வேறு.

தீராத கணக்குகள்

மிச்சமான பணம் எங்கே போகிறது என்பது அதிகம் ஆராயப்படாத பகுதி. 1992இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்புப் போராட்டம் மறு ஆண்டு அம்மாநிலத்தில் சாராயத் தடைக்கு வழிவகுத்தது. அதே மாவட்டத்தில் அதன் தொடர்ச்சியாக 'பொதுபுலட்சுமி' என்ற சேமிப்பு இயக்கம் எழுந்தது. நாளுக்கு ஒரு ரூபாய் என்று பெண்கள் குழுவாகச் சேர்த்தார்கள். குடிக்காத காசு தானாகச் சேமிப்பாகாது, அன்றன்றைக்கு எடுத்து வைக்க ஒரு கலயம் வேண்டும் என்பதை அவர்கள் பொருளியலாளர்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். குடிப்பவர் தாமாகக் குறைக்கும்போதும் இப்படிப்பட்ட ஏற்பாடு உதவுமா என்பதை முறையான சோதனையால் பார்க்கலாம். மாற்றுப் பானங்களைப் பற்றிய விவாதங்கள் அந்தக் கேள்வியை இதுவரை ஓரத்திலேயே வைத்திருக்கின்றன.

ஜெர்மனியைப் போல மதுக்கூடங்களில் விலை வரம்பு விதித்தால் இங்கே பயன் தருமா என்பதும் திறந்தே இருக்கிறது. குவாட்டரை வேகமாக முடித்துவிட்டு எழும் இடத்தில் மலிவான எலுமிச்சைச் சோடா யாரை மாற்றும் என்று ஐயுறலாம். குடிக்காத நண்பரும் கூச்சமின்றி உட்கார அது இடம் தரும் என்றும் வாதிடலாம். இரவு எட்டு மணிக்கு மேல் திறந்திருக்கும் படிப்பகம், விளக்குள்ள விளையாட்டுத் திடல், பெண்களும் வந்து உட்காரக்கூடிய தேநீர்க் கடை இவற்றுக்கு ஆகும் செலவையும், அவற்றால் ஒரு பகுதியில் மது விற்பனை எவ்வளவு குறைகிறது என்பதையும் ஒரே ஊரில் சில ஆண்டுகள் அருகருகே வைத்து அளந்தால் பல விடைகள் கிடைக்கும். மது வருவாயில் ஒரு பங்கை அப்படிப்பட்ட இடங்களுக்கு ஒதுக்கலாம் என்று ரவுண்ட்ரீயும் ஷெர்வெல்லும் 1899இல் முன்வைத்த யோசனை, அந்த வருவாய் அரசின் கைக்கே வந்து சேரும் தமிழ்நாட்டில்தான் சோதிக்க எளிது.